கைக்கு அடக்கமான துப்பாக்கி சுடுவதற்கும் எளிதா? டெல்லியில் லைசென்ஸ் வாங்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கரோல் பாக்கில் நகைத்தொழில், மயூர் விஹாரில் மளிகை, நொய்டா எல்லையில் பெட்ரோல் பங்க் என்று ரொக்கம் புழங்கும் தொழிலில் இருக்கும் டெல்லித் தமிழர்களுக்குள் பேச்சு எப்போதாவது துப்பாக்கி லைசென்ஸ் பக்கம் திரும்பும். அப்போது தவறாமல் ஒருவர் சொல்வார்: "பெருசெல்லாம் வேண்டாம் சார். சின்னதா, லேசா, பாக்கெட்டில் போட்டுக்கிற மாதிரி ஒண்ணு இருந்தா போதும்." பெரும்பாலான தவறுகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. சின்னத் துப்பாக்கியைச் சுமப்பது எளிது, சுடுவது கஷ்டம். கடை கவுன்ட்டரில் அது தெரியாது. முதல் ஆறு தோட்டாக்களைச் சுட்டு முடித்ததும் தெரிந்துவிடும்.

கணக்கு சின்னதுதான். ஒரே தோட்டாவை 700 கிராம் ரிவால்வரிலும் 500 கிராம் ரிவால்வரிலும் போட்டுச் சுட்டால், லேசானது 1.4 மடங்கு வேகத்தில் பின்னால் உதைக்கும். .32 தோட்டா (இந்த எண் அங்குலக் கணக்கில் குழல் விட்டம்) அப்படியொன்றும் முரடு இல்லை, தாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒருமுறை உள்ளங்கையில் சுரீரென்று வலித்தால், அடுத்த முறை டிரிகரை அழுத்தும்போதே கை தானாகக் கூசும், குண்டு கீழே போகும். குழல் குட்டையானால் இன்னொரு தொல்லையும் சேர்கிறது. குறி பார்க்கக் குழலின் மேலுள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 15 சென்டிமீட்டர் இருந்து, குறி ஒரு மில்லிமீட்டர் பிசகினால், ஏழு மீட்டர் தூரத்தில் குண்டு ஐந்து சென்டிமீட்டருக்குள் விலகும். இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால் அதே பிசகுக்கு ஏழு சென்டிமீட்டர் தள்ளிப் போகும்.

2014-ல் கான்பூர் அரசுத் தொழிற்சாலையில் 'நிர்பீக்' வந்தபோது, பெண்களுக்கான ரிவால்வர், கைப்பையில் அடங்கும், எடை அரை கிலோதான் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்போது விலை சுமார் 1.22 லட்சம். அடுத்து வந்த .22 'நிடர்' இன்னும் லேசு, கால் கிலோவை ஒட்டியது. இவற்றைக் குறை சொல்லவில்லை. பெண்ணா, அப்படியானால் லேசானதைக் கொடு என்ற எண்ணம்தான் தப்பு. விரல் பலமும் உள்ளங்கை அகலமும் குறைவாக உள்ள ஒருவருக்கு லேசான துப்பாக்கியைக் கொடுப்பது அவர் வேலையை இன்னும் கடினமாக்கும். நடுத்தர எடையில், முழுக் கைப்பிடியுள்ள .32 ரிவால்வரே அவருக்கு வசதியாக இருக்கும். கேட்க முரணாகத் தோன்றும், கையில் பிடித்துப் பார்த்தால் புரியும்.

அடுத்தது டிரிகர். இதில்தான் ஏமாறுபவர்கள் அதிகம். ரிவால்வரில் தோட்டாவைத் தட்டும் சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைத்துவிட்டால் டிரிகர் ஒன்றிரண்டு கிலோ அழுத்தத்திலேயே விழும். இழுக்காமல் நேராக அழுத்தினால் பல ரிவால்வர்களில் ஐந்து கிலோவை ஒட்டிய அழுத்தம் வேண்டும். கடைக்காரர் சுத்தியலை இழுத்துவிட்டுக் கையில் கொடுப்பார். வாங்க வந்தவர், "ஆஹா, பட்டு மாதிரி இருக்கே!" என்பார். ஆபத்தில் யாரும் நிதானமாகச் சுத்தியலை இழுத்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. அந்த நேரத்தில் கைக்கு வருவது அந்தக் கனமான இழுப்புதான். சுத்தியலை இழுத்துவிட்ட ரிவால்வரை நடுங்கும் கையில் பிடித்து நிற்பதோ அதைவிட ஆபத்து.

சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சில் ஒரு அண்ணாச்சியின் கையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அறுபது வயதைத் தாண்டியவர், மூட்டை தூக்கி உரமேறிய கை. அவருக்கே நேர் இழுப்பில் டிரிகர் பாதி தூரம் வந்ததும் குழல் முனை கீழே சாயத் தொடங்கியது. இன்னொரு விரலைத் துணைக்குக் கொடுத்தார். அப்போது குழல் வலப்பக்கம் திரும்பிவிட்டது. பலம் இல்லாமல் இல்லை. ஆள்காட்டி விரலை மட்டும் தனியாக, மற்ற விரல்கள் இறுகாமல் இழுப்பது வேறு பழக்கம். அது பயிற்சியில்தான் வரும்.

ஆகவே வாங்கும் முன் துப்பாக்கி காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, டம்மி தோட்டா போட்டு, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து நேர் இழுப்பில் பத்து முறை அழுத்திப் பாருங்கள். பத்தாவது முறையும் முனை அசையாமல் நின்றால் சரி. டம்மி இல்லாமல் வெறுமனே டிரிகரை இழுத்துப் பார்க்கக் கடைக்காரர் விட மாட்டார். .22-ல் அது நியாயம்தான்: தோட்டா இல்லாவிட்டால் அதைத் தட்டும் ஊசி, தோட்டா உட்காரும் சேம்பரின் விளிம்பிலேயே இடித்துத் தேயும்.

கைப்பிடி பொருந்துகிறதா என்பதற்கும் கண் அளவு போதாது. கைப்பிடியின் பின்பக்கத்தை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் உள்ள குழியில் உயரமாகப் பொருத்துங்கள். குழல் முன்கை எலும்போடு ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையிலேயே ஆள்காட்டி விரலின் நுனிப்பகுதி டிரிகரின் நடுவில் படுகிறதா? விரல் எட்டுவதற்காகக் கையைத் திருப்ப வேண்டியிருந்தால் அது உங்களுக்குப் பெரியது. சுண்டுவிரல் கைப்பிடிக்குக் கீழே அந்தரத்தில் தொங்கினால் சின்னது. அவ்வளவுதான். செருப்புக் கடையில் காலைப் போட்டுப் பார்க்காமல் நம்பர் சொல்லி வாங்க மாட்டோம், இங்கே மட்டும் படத்தைப் பார்த்து முடிவு செய்கிறோம்.

பிஸ்டலா, ரிவால்வரா? "பிஸ்டல் தட்டையா இருக்கு, சட்டைக்குள்ளே தெரியாது" என்பது உண்மை. ஆனால் .32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடின் எடையையும் ஸ்பிரிங்கின் விறைப்பையும் நம்பியே இயங்குகின்றன, அதனால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும். வாத நோயால் விரல் மூட்டு வீங்கியவர்களால் ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவே முடியாது. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் ஸ்லைடு முழுதாகப் போய் வராது, அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்கவில்லையா, மறுபடி அழுத்தினால் அடுத்தது வரும். பயிற்சிக்கு மாதம் ஒருமுறைகூடப் போக முடியாதவருக்கு என் ஓட்டு ரிவால்வருக்குத்தான்.

பிஸ்டல் வாங்கியே தீருவேன் என்பவர் ஒன்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலியாகிவிடாது. சேம்பரில் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். முதலில் மேகசின், பிறகு ஸ்லைடு, அப்புறம் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்ப்பது. வரிசை மாறினால், மேகசின் மறுபடி அடுத்த தோட்டாவை மேலே தள்ளிவிடும். துடைக்கும்போது வெடித்துவிட்டது என்று செய்தியில் வருவதற்குப் பின்னால் பல நேரம் இந்த மறதிதான் இருக்கும்.

யூடியூப் ஒரு தனித் தொல்லை. அமெரிக்காவில் இருந்துகொண்டு ஒருவர் 'தினசரி கைத்துப்பாக்கி' என்று 9 மி.மீ. கிளாக்கைப் புகழ்வார். இங்கே 9 மி.மீ. தடைசெய்யப்பட்ட அளவுகளில் ஒன்றாகவே நடத்தப்படுகிறது. அந்த வகைக்கு அனுமதி தருவது உள்துறை அமைச்சகம், சாதாரண வியாபாரிக்கு அது கிடைக்கும் சாமானே இல்லை. தனியார் இறக்குமதியும் 1980-களின் நடுவிலேயே நின்றுபோயிற்று. ஆகவே நம் முன்னால் இருக்கும் தட்டில் பெரும்பாலும் .32 ரிவால்வர், .32 பிஸ்டல், .22 இவைதான். உள்நாட்டுத் தயாரிப்புகள் பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளுடையவை. 2021 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலைகளை நடத்திய பழைய ஆர்ட்னன்ஸ் வாரியத்தைப் பிரித்தபோது சிறு ஆயுதங்கள் கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட நிறுவனத்துக்குப் போயின. 2023-ல் வந்த 'பிரபல்' ரிவால்வர் அவர்களுடையது. தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும் வகை. விலை விசாரிக்கும்போது ஜி.எஸ்.டி. சேர்த்தா என்று கேளுங்கள். ரிவால்வர், பிஸ்டலுக்கு 28 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பரில் 40 ஆகிவிட்டது.

இறக்குமதி நின்றதால் பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகளுக்கு நகையைப் போல விலை ஏறிக்கிடக்கிறது. கௌரவத்துக்காக வாங்குபவர்கள் வாங்கட்டும். இடுப்பில் வைத்து நடப்பதற்கு அது தோதில்லை. உதிரிபாகம் கிடைக்காது. மிகப் பழைய ரிவால்வர்கள் சிலவற்றில், கீழே விழுந்தால் சுத்தியல் தோட்டாவைத் தட்டாமல் தடுக்கும் அமைப்பே இருக்காது. துப்பாக்கி மெக்கானிக் பிரித்துப் பார்த்து, சரி என்று சொல்லும் வரை அட்வான்ஸ்கூடக் கொடுக்காதீர்கள்.

லைசென்ஸ் விஷயத்தில் வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்கள் உண்டு. முதலில் துப்பாக்கியைப் பேசி முடிப்பார்கள், பிறகு விண்ணப்பம். நடக்க வேண்டியது நேர்மாறு. விண்ணப்பத்திலேயே எந்த வகை ஆயுதம் என்று குறிப்பிட வேண்டும், லைசென்ஸிலும் அது பதிவாகும். அதனால் கைப்பிடி, டிரிகர் சோதனையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன்னாலேயே, தெரிந்த லைசென்ஸ்தாரருடன் ரேஞ்சிலோ டீலர் கடையிலோ முடித்துக்கொள்வது நல்லது. டெல்லியில் விண்ணப்பம் காவல்துறையின் லைசென்ஸ் பிரிவுக்குப் போகும். 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, மருத்துவச் சான்று, வீட்டில் எங்கே பூட்டி வைப்பீர்கள் என்ற உறுதிமொழி எல்லாம் கேட்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸின் ஆயுள் ஐந்து ஆண்டு, ஒருவரிடம் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. இதற்கெல்லாம் பொறுமை இல்லாமல் யமுனைக்கு அந்தப் பக்கம் கட்டா எனும் கள்ள நாட்டுத் துப்பாக்கி கிடைக்குமா என்று விசாரிப்பவர் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்ததற்கே குறைந்தது இரண்டு ஆண்டு உள்ளே இருக்க நேரும். கட்டா கையிலேயே வெடித்துச் சிதறினால் அது தனிக் கணக்கு.

சரி, வாங்கியாயிற்று. எங்கே வைத்துக்கொண்டு நடப்பது? விதிப்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி ஹோல்ஸ்டர் எனும் உறையில், வெளியே தெரியாமல், உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். டிரிகரை முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டரை வாங்குங்கள். சாவி, சில்லறையோடு பேன்ட் பாக்கெட்டில் போட்டால் டிரிகருக்குள் எது புகும் என்று சொல்ல முடியாது. கைப்பை இன்னும் மோசம். பைக்கில் வந்து பையைப் பறிக்கும் நகரத்தில், பையோடு துப்பாக்கியும் போகும், எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய நீங்கள் அலைய வேண்டும். கார் டேஷ்போர்டு பெட்டியும் அதே கதைதான்.

டெல்லிப் பருவத்தையும் யோசியுங்கள். ஜனவரியில் ஸ்வெட்டர், அதன் மேல் ஜாக்கெட், ஜிப் மூடியிருக்கும். அதற்குள்ளிருந்து கையுறை போட்ட கையால் எடுத்துப் பாருங்கள், வீட்டில், காலித் துப்பாக்கியோடு. ஜூனில் 45 டிகிரி வெயிலில் மெல்லிய சட்டைக்குள் எதுவும் மறையாது. வியர்வை பட்ட உலோகம் துரு ஏறத் தொடங்கும், தினமும் துடைத்து லேசாக எண்ணெய் தடவ வேண்டும். இதைவிட முக்கியமாக, உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். மெட்ரோவில் சி.ஐ.எஸ்.எஃப். சோதனையில் நிறுத்துவார்கள். மால், சினிமா, நீதிமன்றம் எதற்குள்ளும் விடமாட்டார்கள். மெட்ரோவில் கன்னாட் பிளேஸ் போய் வருபவருக்குத் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்தில்தான் கிடக்கும். அவர் லட்சத்தைத் தாண்டிச் செலவழிப்பதற்கு முன், கடைக்கு நல்ல ஷட்டரும் கேமராவும் போட்டு, ரொக்கத்தை வங்கிக்குக் கொண்டுபோகும் நேரத்தை மாற்றிப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

ஊருக்குப் போகும்போது எடுத்துப்போவது நம்மவர்கள் செய்யும் தனித் தவறு. லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். டெல்லிக்கு மட்டும் என்றால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறிய பிறகு அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. அகில இந்திய அனுமதி எல்லோருக்கும் தர மாட்டார்கள். திருவிழாவுக்கு ஊருக்குப் போகும்போது துப்பாக்கியை லைசென்ஸ் பெற்ற டீலரிடம் ஒப்படைத்து ரசீது வாங்கிவிடுங்கள். தேர்தல் நேரத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும்போதும் அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே விமானத்துக்கும் எடுத்துப் போகாதீர்கள். மடிப்பில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவால் டெல்லி விமான நிலையத்தில் வழக்கில் சிக்கியவர்கள் பலர். தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று உயர்நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதுவரை வக்கீல், வாய்தா எல்லாம் உங்கள் பாடு.

கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடுவது வடக்கத்தி வழக்கம், நம்மவர்கள் சிலருக்கும் தொற்றியிருக்கிறது. 2019 திருத்தத்தில் இதற்கென்றே இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க வழி இருக்கிறது. தற்காப்புக்கும் எல்லை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள், தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கின்றன. மொபைலைப் பறித்துக்கொண்டு ஓடுபவனின் முதுகில் சுட்டுவிட்டு இதைக் காட்டித் தப்பிப்பது நடக்காது.

பயிற்சி இல்லாமல் இதெல்லாம் வீண். தோட்டா விலையும் அதிகம், லைசென்ஸில் குறித்த அளவுக்கு மேல் கிடைக்கவும் கிடைக்காது. அதனால் டம்மி தோட்டாவில் டிரிகர் பயிற்சியையும், .177 ஏர் பிஸ்டலில் குறி பார்க்கும் பயிற்சியையும் செய்யலாம். 20 ஜூல் ஆற்றலுக்கு மேற்படாத .177-க்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் போட்டிக்கான ஏர் பிஸ்டலின் டிரிகர் அரை கிலோவில் விழும். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் அதில் நன்றாகச் சுடும் பிள்ளைகள்கூட ரிவால்வரின் ஐந்து கிலோ இழுப்பில் முதல் நாள் திணறுவார்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் பழக வேண்டும்.

இன்னொன்று: அப்பாவின் துப்பாக்கி. லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, அதை வாரிசுக்கு மாற்றிக் கொடுக்க 2016 விதிகளில் இடம் உண்டு. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கினால் போதும், புதிதாகச் செலவில்லை என்று உடனே சரி சொல்லிவிடுகிறார்கள். அப்பாவின் கை அகலம் மகளுக்கோ மகனுக்கோ இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மேலே சொன்ன பத்து இழுப்புச் சோதனையை அந்தத் துப்பாக்கியிலும் செய்து பாருங்கள். பொருந்தவில்லை என்றால் டீலரிடம் விற்றுவிட்டு, லைசென்ஸில் உங்கள் கைக்கு ஏற்ற வகையை எழுதச் சொல்லுங்கள்.