மேக்னடைட் படலத்தில் வெர்வே மாற்றத்தை அளப்பது எப்படி

மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடைக் குளிர்வித்துக்கொண்டே போனால் சுமார் 120 கெல்வினில் மின்தடை சட்டென்று எகிறும்; இதுவே வெர்வே மாற்றம். நல்ல படிகத்தில் ஏறத்தாழ நூறு மடங்கு. இரும்பு அயனிகளுக்கிடையே தாவிக்கொண்டிருந்த எலக்ட்ரான்கள் அங்கே இடம் பிடித்து நின்றுவிடுகின்றன. மெக்னீசியம் ஆக்சைடு மேல் வளர்த்த 50 நானோமீட்டர் படலத்தில் இதே அளவு கூர்மையை எதிர்பார்க்க வேண்டாம். மேக்னடைட்டின் அலகுக்கூடு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கட்டம்) அடித்தளமான மெக்னீசியம் ஆக்சைடினுடையதைப் போல இரு மடங்கு; அதனால் வெவ்வேறு இடங்களில் தொடங்கி வளர்ந்த பகுதிகள் சந்திக்குமிடத்தில் அணிவரிசை பொருந்தாமல் எல்லைகள் உருவாகும். மாற்றம் அகலும், வெப்பநிலையும் இறங்கும்.

முதலில் மின்முனைகள். 5 நானோமீட்டர் டைட்டானியம், அதன்மேல் 50 நானோமீட்டர் தங்கம், நான்கு முனைகள். மின்முனை வடிவத்தைப் பதிக்கப் பூசும் லித்தோகிராஃபி ரெசிஸ்ட்டைக் காற்றில் அதிகச் சூட்டில் சுட வேண்டாம். மேற்பரப்பு மேக்ஹெமைட்டாக (இன்னொரு இரும்பு ஆக்சைடு) ஆக்சிஜனேற்றம் அடையும், தொடுகை கெடும். அறை வெப்பநிலையில் மின்னோட்ட-மின்னழுத்தக் கோடு நேராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே குளிர்வியுங்கள்.

வெப்பமானியை மாதிரி உட்கார்ந்திருக்கும் அதே செப்புக் கட்டையில், மாதிரியை ஒட்டிப் பொருத்துங்கள். 130 கெல்வின் வரை நிமிடத்துக்கு 1 கெல்வின் வேகத்தில் குளிர்வித்தால் போதும். 130-லிருந்து 100 வரை 0.3-க்குக் குறையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைத் திசை திருப்பி இரு அளவீடுகளின் சராசரி எடுத்தால் வெப்பமின் அழுத்தம் (வெப்பநிலை வேறுபாட்டால் கம்பிகளில் எழும் மின்னழுத்தம்) விலகிவிடும். சூடேற்றும்போதும் அளவிடுங்கள். குளிர்விக்கும்போதும் சூடேற்றும்போதும் கிடைத்த இரு வளைகோடுகளுக்கிடையே உள்ள இடைவெளி, வேகத்தைப் பாதியாக்கும்போது தானும் பாதியானால், அது வெப்பமானியின் தாமதம். பொருளின் குணம் அல்ல.

பலர் சறுக்குவது மின்னோட்டத்தில்தான். அறை வெப்பநிலையில் இந்தப் படலத்தின் தளத்தடை (ஒரு சதுரப் பகுதியின் தடை) சுமார் 1 கிலோஓம்; 10 மைக்ரோஆம்பியர் விட்டால் 0.1 மைக்ரோவாட் வெப்பம், கவலையில்லை. மாற்றத்துக்குக் கீழே தடை 1 மெகாஓம் ஆனால் அதே மின்னோட்டம் 10 வோல்ட் கேட்கும், 100 மைக்ரோவாட் வெப்பம் தரும். மாதிரி தன்னைத்தானே சூடாக்கிக்கொண்டு, வெப்பமானி காட்டுவதைவிட அதிக வெப்பநிலையில் இருக்கும். 130 கெல்வினிலேயே 100 நானோஆம்பியருக்கு இறங்குங்கள். மின்னோட்டத்தைப் பாதியாக்கியும் மாற்றப்புள்ளி நகராவிட்டால் அளவீடு சரி. வோல்ட்மீட்டரின் உள்தடை 10 கிகாஓமுக்குக் குறையக் கூடாது.

மாற்றப்புள்ளியைக் கண்ணால் குறிக்காதீர்கள். தடையின் மடக்கையை வெப்பநிலையால் வகையிட்டு, அதன் உச்சத்தை எடுங்கள்.

முனைகளுக்கிடையே 100 நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருந்தால், மாற்றத்துக்குக் கீழே மின்னழுத்தத்தை ஏற்றும்போது தடை திடீரென்று விழலாம். இது மின்புலத்தால் வருவதா, சூட்டால் வருவதா என்று அறிய தொடர்ச்சியான மின்னழுத்தத்துக்குப் பதில் குறுந்துடிப்புகள் கொடுங்கள். துடிப்புகளுக்கிடையே ஆற இடம் கொடுத்தும் அதே மின்னழுத்தத்தில் தடை விழுந்தால் காரணம் மின்புலமே. மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது வரும் கோடுகளுக்கிடையிலான வளையம் மட்டும் சுருங்கினால், அந்த வளையம் சூட்டால் வந்தது.