ஜாம் வைத்த சீஸ் டோஸ்ட்

முதல் தடவை ஜாமை நேராக பிரெட்டில் தடவிவிட்டேன். பிரெட் ஊறி, ஜாம் வழிந்து தவாவில் கரிந்து, தேய்த்துத் தேய்த்தே கை ஓய்ந்தது. இப்போது ஜாமுக்கு இடம் நட்டநடுவில்தான். மேலும் கீழும் துருவிய செடார் சீஸ், இடையில் ஒரு டீஸ்பூன் அத்திப்பழ ஜாம், ஓரத்தில் ஒரு விரல் அகலம் காலி. ஆப்ரிகாட்டும் பொருந்தும், ஸ்ட்ராபெர்ரி எனக்குத் திகட்டும்.

துருவியே வரும் பாக்கெட் சீஸ் வேண்டாம். ஒட்டாமலிருக்க அதில் பெரும்பாலும் மாவு தூவியிருப்பார்கள், வழுவழுவென்று உருகாது.

பிரெட்டின் வெளிப்பக்கம் இளகிய வெண்ணெய். சிறுதீ, மூடி, பக்கத்துக்கு 4 நிமிடம். தீயைக் கூட்டினால் வெளியே கருகும், உள்ளே சீஸ் அப்படியே கிடக்கும். எடுத்ததும் வெட்டாதீர்கள், ஒரு நிமிடம் பொறுங்கள். ஓரத்தில் வழிந்து மொறுமொறுவென்று ஆன சீஸ் சமைத்தவருக்கே!