தேரி மணலும் குளிர்ந்த நீரும்: கறுப்பு வெள்ளைச் சுருளில் நிலக்காட்சி எடுத்து வீட்டிலேயே கழுவும் முறை

திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டில் ஏறி நின்றால் கண்ணில் படுவது மூன்றே நிறங்கள்: சிவந்த மணல், பச்சைப் பனை, நீல வானம். நேரில் இவ்வளவு எடுப்பான காட்சியை அப்படியே கறுப்பு வெள்ளைச் சுருளில் பிடித்தால் வானம் வெளிறிப்போகும். மணலும் ஓலையும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகிவிடும். நான் எடுத்த முதல் தேரிச் சுருள் அப்படித்தான் வந்தது. அதையும் 31 டிகிரி குழாய் நீரில், 20 டிகிரிக்கு உரிய நேரத்தை வைத்துக் கழுவிவிட்டேன், அதாவது டெவலப் செய்துவிட்டேன். நெகடிவ் கரிக்கட்டை போல் இருண்டுபோனது.

புதிதாகத் தொடங்குபவர்களின் சுருள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் கெடுகிறது. எடுக்கும்போது நிழலுக்குப் போதிய ஒளி கொடுப்பதில்லை. கழுவும்போது நீரின் சூட்டைப் பார்ப்பதில்லை. இந்த இரண்டையும்தான் இங்கே விரிவாகச் சொல்லப்போகிறேன்.

சுருளைத் தேர்ந்தெடுத்தல்

35 மி.மீ. கேமரா எதுவானாலும் போதும். ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் (லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவு) கையால் மாற்ற முடிய வேண்டும், அவ்வளவுதான். சுருளுக்கு இல்போர்டு எஃப்பி4 பிளஸ் வாங்குங்கள். ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 125, மணிகள் (படத்தில் தெரியும் துகள்கள்) நுண்ணியவை, சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். மேகமூட்டமான நாளில் ஸ்டாண்ட் இல்லாமல் எடுப்பதானால் ஐஎஸ்ஓ 400 உள்ள எச்பி5 பிளஸ். ஒரு காலத்தில் ஊட்டியில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலேயே ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் தயாரானது. இன்று நமக்கு வெளிநாட்டுச் சுருள்தான். விலை அதிகம் என்பதால் ஒரே வகைச் சுருளில் ஐந்தாறு முறை பழகுங்கள். ஒவ்வொரு முறையும் வேறு சுருளை மாற்றினால் எது எதனால் வந்தது என்று பிடிபடாது.

தேரியில் காற்று ஓயாது. சுருள் டப்பாவின் வாயில் இருக்கும் வெல்வெட் துணியில் ஒரு மணல் துகள் ஒட்டினால் போதும், முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை நீளமாக ஒரு கீறல் விழும். சுருளைப் பைக்குள் வைத்தே மாற்றுங்கள்.

பில்டர்

கறுப்பு வெள்ளைச் சுருள் எல்லா நிறத்தையும் சாம்பலாக்குகிறது; எந்த நிறம் எவ்வளவு அடர்ந்த சாம்பல் ஆக வேண்டும் என்பதை, லென்ஸின் முன் மாட்டும் நிறக் கண்ணாடியான பில்டர் முடிவு செய்யும். தன் நிறத்தை வெளுக்க வைக்கும், எதிர் நிறத்தைக் கறுக்க வைக்கும். மஞ்சள் பில்டர் வானத்தைச் சற்றே அடக்கும். ஆரஞ்சு நன்றாக இருட்டும். சிவப்பைப் போட்டால் தேரி மணல் பளீரென்று வெளுத்து, வானம் கருமேகம் போல் இருண்டு, பனை கரிய கோடாக நிற்கும். மஞ்சளுக்கு ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரு மடங்கு), ஆரஞ்சுக்கு இரண்டு, அடர் சிவப்புக்கு மூன்று ஸ்டாப் ஒளி கூடுதலாகக் கொடுக்க வேண்டும்.

1927 ஏப்ரலில் நிலக்காட்சிப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் அமெரிக்காவின் யோசெமிட்டியில் ஹாஃப் டோம் பாறையை முதலில் மஞ்சள் பில்டர் போட்டு எடுத்தார். மனத்தில் கண்ட கம்பீரம் அதில் வராது என்று தோன்றவே, மிஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டை (அன்று சுருளுக்குப் பதில் அவர் பயன்படுத்தியது) அடர் சிவப்பு பில்டரோடு எடுத்தார். அவர் பெயரை நிலைநிறுத்திய படங்களில் அது ஒன்று. எடுப்பதற்கு முன்பே படத்தை மனத்தில் பார்க்கும் அந்தப் பழக்கத்துக்காகவே பில்டரை நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

ஒரு எச்சரிக்கை. சிவப்பு பில்டர் தூரத்து மலையின் நீலப் புகைமூட்டத்தைத்தான் விலக்கும். கொடைக்கானல் மூடுபனியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஒளியை அளத்தல்

விதி இதுதான்: நிழலைப் பார்த்து எடு, வெளிச்சத்தைப் பார்த்துக் கழுவு. நிழலுக்கு எடுக்கும்போது ஒளி கிடைக்கவில்லை என்றால் பிறகு எந்த ரசாயனத்தாலும் அதைக் கொண்டுவர முடியாது.

பில்டரைக் கழற்றிவிட்டு அளவெடுங்கள். பனையின் அடியில், விவரம் தெரிய வேண்டிய நிழலுக்கு அருகில் சென்று ஒளியை அளக்கும் மீட்டரை அதன் மேல் மட்டும் காட்டுங்கள். 1/125 நொடி, எஃப் 5.6 (அபெர்ச்சர் எண்; எண் கூடினால் துளை சுருங்கும்) என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டர் எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கருதும். நமக்கு வேண்டியதோ நிழல் நிழலாகத் தெரிவது. ஆகவே இரண்டு ஸ்டாப் குறையுங்கள்: 1/125, எஃப் 11. இனி ஆரஞ்சு பில்டருக்கு இரண்டு ஸ்டாப் கூட்டினால் 1/30, எஃப் 11. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி எடுங்கள்.

சிவப்பானால் 1/15 என்று கணக்கு வரும். நான் அங்கே 1/8 கொடுப்பேன். வெட்டவெளியின் நிழலில் விழுவது பெரும்பாலும் நீல வானத்தின் ஒளி. சிவப்பு பில்டர் அதையும் தடுத்துவிடுவதால் நிழல் கணக்கைவிட அதிகமாக இருளும். காற்று சற்று ஓயும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் ஓலை கலங்கிவிடும். சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோதான் மணல் வரிகள் நன்றாகத் தெரியும். வெயில் ஏறினால் அந்த வரிகளின் நிழல் மறைந்துவிடும்.

கழுவுவதற்கு முன்

தேவையானவை: மூடியுள்ள டேங்க், ரீல், தெர்மாமீட்டர், அளவுக் குவளைகள், ஐடி-11 அல்லது டி-76 டெவலப்பர் (படத்தைத் தோன்ற வைப்பது), ஸ்டாப் பாத் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ரேபிட் பிக்சர் (படத்தை நிலைக்க வைப்பது), நனைப்பான் திரவம் (நீர்த்துளித் தடம் விழாமல் காப்பது), கையுறை. சமையல் பாத்திரம் எதையும் இதற்கு எடுக்காதீர்கள்.

டெவலப்பர் பொடியை முந்தின நாளே வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஆற வையுங்கள். ஆழ்குழாய் நீர் வேண்டாம்; உப்பு படியும். காய்ச்சி வடித்த நீர் நல்லது. நிறைந்த பாட்டிலில் ஆறு மாதம் தாங்கும், பாதி பாட்டிலில் ஒரு மாதம்தான்.

சுருளை ரீலில் ஏற்றுவது முழு இருட்டில். பழைய சுருள் ஒன்றைப் பலி கொடுத்து முதலில் வெளிச்சத்தில் பத்து முறையும், கண்ணை மூடிக்கொண்டு பத்து முறையும் பழகுங்கள். நம் ஊர் புழுக்கத்தில், ஒளி புகாத சேஞ்சிங் பைக்குள் கை வியர்க்கும். வியர்வை பட்ட சுருள் ரீலில் பாதியில் சிக்கும். இழுத்தால் மடியும். இரவில், விளக்கணைத்த அறையில், கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டு ஏற்றுவது எனக்கு எளிது. ரீல் எலும்பு போல் உலர்ந்திருக்க வேண்டும்.

கழுவுதல்

எஃப்பி4 பிளஸ் சுருளுக்கு ஐடி-11 ஒரு பங்கு, நீர் ஒரு பங்கு என்று கலந்தால் 20 டிகிரியில் 11 நிமிடம். சூடு ஏற ஏற நேரம் குறையும். 24 டிகிரியில் சுமார் ஏழரை நிமிடம். சித்திரை வெயிலில் 20 டிகிரியைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடு. அதனால் 24-ஐயே வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ஒரு வாளியில் தண்ணீரும் பனிக்கட்டியும் போட்டு, டெவலப்பர், ஸ்டாப் பாத், பிக்சர், அலசும் நீர் என நான்கையும் அதில் நிறுத்துங்கள். எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்த பிறகே தொடங்க வேண்டும். குளிர்ந்த டெவலப்பருக்குப் பிறகு சூடான நீரில் அலசினால் சுருளின் பூச்சு சுருங்கிச் சுருக்கம் விழும்.

1. டெவலப்பர் 150 மி.லி., நீர் 150 மி.லி. கலந்து ஊற்றுங்கள். முதல் 10 நொடியில் நான்கு முறை டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அடியைத் தட்டிக் குமிழ்களைப் போக்குங்கள். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இதையே செய்யுங்கள். நேரம் முடிய 10 நொடி இருக்கும்போது கொட்டத் தொடங்குங்கள். இந்தக் கலவையை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

2. ஸ்டாப் பாத், 10 நொடிக்குக் குறையாமல்.

3. பிக்சர், ஒன்றுக்கு நான்கு பங்கு நீர், 2 முதல் 5 நிமிடம். இதன் பிறகு மூடியைத் திறந்து பார்க்கலாம்.

4. நீர் நிரப்பி ஐந்து முறை கவிழ்த்துக் கொட்டுங்கள். புது நீரில் பத்து முறை, மறுபடி புது நீரில் இருபது முறை.

5. கடைசியாக, காய்ச்சி வடித்த நீரில் நனைப்பான் சில துளிகள்.

பயன்படுத்திய பிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். கிணற்றடியிலோ செடிக்கோ ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் கொடுங்கள்.

சுருளைக் குளியலறையில் மின்விசிறி இல்லாமல் தொங்கவிட்டு, கீழ் முனையில் கனமான கிளிப் மாட்டுங்கள். ஈரத்தில் விரலால் வழிக்க வேண்டாம்.

நெகடிவைப் படித்தல்

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, படத்துக்கு முன் ஓரத்து எழுத்துகளைப் பாருங்கள். அவை ஆலையிலேயே பதிந்தவை. நீங்கள் எடுத்த விதத்தால் மாறாது. எழுத்து தெளிவாக இருந்து படம் மெலிந்திருந்தால் எடுக்கும்போது ஒளி போதவில்லை. எழுத்தும் மங்கியிருந்தால் கழுவியது போதவில்லை. எழுத்து இருக்கிறது, படமே இல்லை என்றால் சுருள் கேமராவில் நகரவில்லை. எழுத்தும் இல்லை என்றால் டெவலப்பருக்கு முன் பிக்சரை ஊற்றியிருப்பீர்கள் என்று பெரும்பாலும் நம்பலாம்.

தேரிச் சுருளில் நான் முதலில் தேடுவது பனையின் அடிமரம். நெகடிவில் அது கண்ணாடி போல் வெறுமையாக இருக்கக் கூடாது. செதில்களின் வரி மெல்லிய சாம்பலாகத் தெரிய வேண்டும். தெரிந்தால், ஆறு ஆறு படங்களாக வெட்டி உறையில் போட்டு, பில்டர், நீரின் சூடு, கழுவிய நிமிடம் மூன்றையும் உறையின் மேல் எழுதிவையுங்கள். மழைக்காலத்துக்கு முன் உறைகளோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் டப்பாவில் போட்டு மூடுங்கள்.