ஜாவாவில் லட்சக் கணக்குக்குக் கமா போடுவது எப்படி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக்கடையில் பில் 1,234,567.50 என்று அச்சாகி வந்தால், கல்லாவில் இருப்பவர் இலக்கத்தை விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிடுவார். அவர் கண்ணுக்குப் பழகியது 12,34,567.50. எண்களை எழுத்தாக வடிவமைக்கும் ஜாவாவின் டெசிமல்ஃபார்மேட் வகுப்பு இதைத் தானாகத் தராது.

கமாவுக்குப் பதில் வேறு குறி மட்டும் போதுமென்றால் வேலை சுலபம். எண்ணின் வடிவத்தைச் சொல்லும் பேட்டர்ன் '#,##0.00' அப்படியே இருக்கட்டும். அதிலுள்ள கமா பிரிக்கும் இடத்தைக் காட்டும் அடையாளம்தான். டெசிமல்ஃபார்மேட்சிம்பல்ஸ் ஒன்றை உருவாக்கி, செட்குரூப்பிங்செப்பரேட்டரில் வேண்டிய எழுத்தைக் கொடுத்து, பேட்டர்னோடு சேர்த்து கன்ஸ்ட்ரக்டரில் அனுப்புங்கள். ஒரே ஒரு எழுத்துதான் ஏற்கும். சிம்பல்ஸை உருவாக்கும்போதே லொகேலையும் (மொழி, நாட்டு அமைப்பு) சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் சர்வர் ஜெர்மன் லொகேலில் ஓடும் நாளில் புள்ளியும் கமாவும் இடம் மாறிவிடும்.

பலர் வழுக்கும் இடம்: ஏற்கெனவே உள்ள ஃபார்மேட்டிலிருந்து கெட்டெசிமல்ஃபார்மேட்சிம்பல்ஸ் மூலம் எடுப்பது வெறும் நகல். அதை மாற்றிவிட்டுத் திரும்ப செட் செய்யாவிட்டால் எதுவும் மாறாது, எர்ரரும் வராது.

இடைவெளியைப் பிரிப்பானாக வைத்தால், திரையில் தொகை இரண்டு வரியாக உடையாமலிருக்க யூனிகோட் 160-ஆம் எழுத்தைப் போடுங்கள். தெர்மல் பிரின்ட்டரில் அதே எழுத்து கிறுக்கலாக விழக்கூடும். அங்கே சாதாரண இடைவெளி, 32.

இனி லட்சம். '#,##,##0.00' என்று எழுதினாலும் ஜாவா கடைசிக் குழுவின் அளவான 3-ஐ மட்டுமே எடுத்துக்கொள்ளும், மறுபடி 1,234,567.50 தான். செட்குரூப்பிங்சைஸில் 2 கொடுத்தால் இன்னும் மோசம்: 1,23,45,67.50. ஐசியு4ஜே லைப்ரரியைச் சேர்த்தால் அதே பேட்டர்ன் சரியாக வேலை செய்யும். ஆனால் ஜாவாவிலும் இந்த லைப்ரரியிலும் வகுப்பின் பெயர் டெசிமல்ஃபார்மேட் என்ற ஒன்றே. இம்போர்ட் வரியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள்.

லைப்ரரி வேண்டாமென்றால், தொகையை பிக்டெசிமலில் வைத்து செட்ஸ்கேலில் 2, ஹாஃப் அப் (சரிபாதி வந்தால் மேலே தள்ளும் முறை) கொடுத்து டுபிளெய்ன்ஸ்ட்ரிங் எடுங்கள். புள்ளிக்கு முன்னுள்ள பகுதியில் மட்டும் ரீப்ளேஸ்ஆல்:

(?<=[0-9])(?=([0-9][0-9])+[0-9]$)

வலப்பக்கம் 3, 5, 7 இலக்கங்கள் மிஞ்சும் இடங்களில் மட்டும் இது பொருந்தும். அங்கெல்லாம் கமா விழும். மைனஸ் குறிக்குப் பின்னால் கமா ஒட்டாது. ஹாஃப் அப்பை வெளிப்படையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு: டெசிமல்ஃபார்மேட்டின் இயல்பு ஹாஃப் ஈவன் (சரிபாதி வந்தால் இரட்டை இலக்கத்தின் பக்கம் தள்ளும் முறை), 0.125 அங்கே 0.12 ஆகும். காசிமேட்டு ஏலக் கணக்கில் அரைக் காசுக்கும் கேள்வி வரும்.

திரும்பப் படிக்கும்போதுதான் பெரிய ஆபத்து. பிரிப்பானை இடைவெளியாக மாற்றிய ஃபார்மேட்டிடம் '12,34,567' கொடுத்து பார்ஸ் செய்தால், முதல் கமாவிலேயே நின்று 12 என்று திருப்பித் தரும். எக்செப்ஷன் கிடையாது. பார்ஸ்பொசிஷன் கொடுத்து, சரத்தின் கடைசிவரை படித்ததா என்று சரிபாருங்கள். ஒரே ஃபார்மேட்டை, ஒரே நேரத்தில் ஓடும் பல த்ரெட்களுக்குப் பொதுவாக வைக்காதீர்கள். தொகைகள் ஒன்றோடொன்று கலந்துவிடக்கூடும்.