கேஎல் (கோலாலம்பூர்) கச்சேரிக்கு முதன்முறையாக டிக்கெட் எடுப்பவர்களுக்கு

போஸ்டர் வந்த அன்றே குடும்ப வாட்சாப் குழுவில் "யாரு டிக்கெட்டு எடுக்கிறது?" என்று கேள்வி விழும். எங்கள் வீட்டில் அது என் தலையில்தான். இணையத்தில் டிக்கெட் எடுத்தே பழக்கமில்லாதவர்களுக்காக நான் செய்யும் முறையை எழுதுகிறேன்.

படி 1: விற்பவர் யார்?
ஏற்பாட்டாளரின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கத்தில் இருக்கும் இணைப்பை மட்டும் தட்டுங்கள். கூகளில் தேடினால் மேலே விளம்பரமாக நிற்பது மறுவிற்பனைத் தளமாகவும் இருக்கலாம். சரியான தளத்தில் முதல் நாளே கணக்குத் திறந்து, ஐசியில் (அடையாள அட்டையில்) உள்ளபடி பெயரைப் போட்டு வையுங்கள்.

படி 2: எந்த அரங்கம், எந்த நாற்காலி?
புக்கிட் ஜாலிலில் இரண்டு இருக்கின்றன. 1998 காமன்வெல்த் போட்டிக்காகத் திறந்த தேசிய அரங்கம் ஒன்று. அதே வளாகத்தில் முழுக்கக் கூரை போட்ட, ஆக்சியாட்டா அரேனா என்று அறியப்பட்ட உள்ளரங்கம் இன்னொன்று. பழைய ஆட்கள் அதை இன்னும் புத்ரா ஸ்டேடியம் என்பார்கள். தேசிய அரங்கத்தில் கூரை பார்வையாளர் படிக்கட்டுகளுக்குத்தான். திடலில் போடும் விலை உயர்ந்த நாற்காலிகளுக்கு மேலே வெறும் வானம். சாயங்கால மழையைப் பற்றி கேஎல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திடல் தட்டையானது என்பதையும் மறக்காதீர்கள். எங்கள் அம்மா உயரத்துக்கு முன்வரிசைக்காரர் எழுந்து ஆடினால் அவருடைய முதுகுதான் தெரியும். விலை குறைந்த பக்கவாட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்த வருடம்தான் அவர் பாடகரை ஒழுங்காகப் பார்த்தார்.

பழைய புடு சிறை இருந்த இடத்தில் வந்திருக்கும் செப் அரங்கில் நிகழ்ச்சி என்றால், நிற்கும் டிக்கெட்டா உட்காரும் டிக்கெட்டா என்று முதலில் பாருங்கள். மூன்று மணி நேரம் நிற்கப் பெரியவர்களால் முடியாது.

படி 3: வங்கிச் செயலி
பலர் கோட்டை விடுவது இங்கேதான். நானும் விட்டேன். விற்பனைக்கு முந்தைய இரவு புதுக் கைப்பேசி வாங்கி, வங்கிச் செயலியைப் பதிவிறக்கிப் பெருமையாகப் படுத்தேன். மறுநாள் நாற்காலி கிடைத்தது, எஃப்பிஎக்ஸ் எனும் இணைய வங்கிக் கட்டண முறை வழியாக வங்கிக்கும் போயாயிற்று, 'ஒப்புதல் கொடு' என்றது. கொடுக்கத்தான் பொத்தான் இல்லை! புதுக் கருவி என்பதால் 12 மணி நேரம் பொறுக்கச் சொன்னது செயலி. திரையில் நேரம் ஓடி முடிந்தது, ஆறு நாற்காலியும் போயின. மோசடியைத் தடுக்க 2022-இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அறிவித்த விதிகளில் இந்தக் காத்திருப்பும் ஒன்று. நல்ல விதிதான், அன்றைக்கு மட்டும் வாயில் வந்ததை எழுத முடியாது.

ஆகவே முதல் நாளே யாருக்காவது ஒரு வெள்ளி அனுப்பி ஒப்புதல் வேலை செய்கிறதா என்று பாருங்கள். தினசரி வரம்பையும் பாருங்கள். ஆறு டிக்கெட், தலா 300 வெள்ளி என்றால் 1,800. சேவைக் கட்டணம் அதற்கு மேல்.

படி 4: விற்பனை நேரம்
கால் மணி முன்னதாக உள்ளே போய் உட்காருங்கள். வரிசை எண் வந்தபின் பக்கத்தைப் புதுப்பிக்காதீர்கள், கடைசிக்குத் தள்ளிவிடக்கூடும். கேட்ட வகை தீர்ந்துவிட்டால் குழுவில் கருத்துக் கேட்டுக்கொண்டிருக்காமல் அடுத்த வகையைத் தட்டுங்கள். காசு போய் டிக்கெட் வராவிட்டால் உடனே இன்னொரு முறை கட்டாதீர்கள். மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் கணக்கில் உள்ள 'என் ஆர்டர்கள்' பகுதியையும் முதலில் பாருங்கள்.

டிக்கெட் கிடைக்கவில்லையா?
"அண்ணே, ரெண்டு டிக்கெட் இருக்கு, பாதிக் காசு முதல்ல போடுங்க" என்று டெலிகிராமில் ஒருவர் வருவார். போடுவதற்கு முன் அவர் தரும் கணக்கு எண்ணைப் போலீசின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பாருங்கள். ஏற்கெனவே புகார் வந்த கணக்கென்றால் அதில் காட்டும். காட்டாததால் அவர் நல்லவர் என்றும் ஆகிவிடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் மோசடிப் புகார் மையத்தின் 997 எண்ணுக்கு அழையுங்கள்.

கிடைத்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கியூஆர் குறியீடு தெரியும்படி ஸ்டேட்டஸ் போடாதீர்கள். யாராவது நகல் எடுத்து முன்னால் நுழைந்துவிட்டால் வாசலில் நிற்பது நீங்கள்தான்.

புக்கிட் ஜாலிலுக்குக் காடியை எடுக்காதீர்கள், ஸ்ரீ பெட்டாலிங் தடத்து எல்ஆர்டி வாசலிலேயே விடும். டச் அண்ட் கோ அட்டையில் திரும்பி வருவதற்கான காசையும் போகும்போதே ஏற்றிக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் டோக்கன் இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும் வரிசை, டிக்கெட் வரிசையைவிட நீளம்.