ஒரே நாளில் இரண்டு ஓட்டம்: எப்படித் தொடங்குவது?

கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே, பயிற்சியின் உச்சத்தில் வாரத்துக்கு 200 கிலோமீட்டர் அளவுக்கு ஓடியவர். அவ்வளவு தூரத்தைத் தினம் ஒரே ஓட்டத்தில் அடக்க முடியாது. அதனால்தான் இப்படிப்பட்ட வீரர்கள் காலை, மாலை என்று பிரித்து ஓடுகிறார்கள். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் ஓடுகிற நமக்கு இது தேவையா? பெரும்பாலும் இல்லை. வாரம் 5, 6 நாள் ஓடி, 60 கிலோமீட்டரைச் சிரமமில்லாமல் தொடுகிறீர்கள், அதற்கு மேல் ஓட்டத்தை நீட்ட நேரமும் இல்லை என்றால் மேலே படியுங்கள். வாரம் 3 நாள் ஓடுபவர் நான்காவது நாளைச் சேர்த்தாலே போதும்.

1. முதலில் தூரத்தைக் கூட்டாதீர்கள், பிரியுங்கள். வழக்கமாக 10 கிலோமீட்டர் ஓடும் ஒரு ஈசி நாளில் (சிரமமில்லாமல் மெதுவாக ஓடும் நாள்) காலை 6 கிலோமீட்டர், மாலை 4 கிலோமீட்டர் என்று ஓடிப் பாருங்கள். இரண்டு வாரம் இப்படி ஓடினால், இரண்டு தடவை குளித்து உடை மாற்றுவது உங்கள் நாளில் பொருந்துகிறதா என்பதும் தெரிந்துவிடும். சின்ன விஷயம்தான், ஆனால் பலர் கைவிடுவது இங்கேதான். வார இறுதி லாங் ரன்னை மட்டும் பிரிக்க வேண்டாம். நிற்காமல் நீண்ட நேரம் ஓடுவதுதான் அதன் பயனே.

2. அப்புறம் கூட்டுங்கள், வாரத்துக்கு ஒரு நாள், 20 முதல் 30 நிமிடம். எந்த நாளில்? ஈசி நாளில்தான் இடம் இருப்பதுபோலத் தோன்றும். நான் சொல்வது, காலையில் இன்டர்வெல் (வேகமாக ஓடி, இடையிடையே இளைப்பாறுவது) அல்லது டெம்போ (கொஞ்சம் சிரமமான வேகத்தில் தொடர்ந்து ஓடுவது) ஓடிய அதே நாள் மாலை. கஷ்டமான நாளோடு கஷ்டம் முடிந்துவிடும், மறுநாள் கால்கள் நன்றாகத் தேறும். முதல் ஓட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் 6 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

3. மெதுவாக ஓடுங்கள். இல்லை, அதைவிட மெதுவாக. பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். வாட்சைக் கழற்றி வைத்துவிட்டே போகலாம். இந்த ஓட்டத்தில் வேகம் காட்டினால் அடுத்த பயிற்சி கெடும், வேறெந்த லாபமும் இல்லை.

4. காலை ஓட்டம் முடிந்ததும் மாவுச்சத்தும் புரதமும் உள்ள சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பசியோடு மாலையில் ஓடினால் கால்கள் கனக்கும். தூக்கத்தைக் குறைத்துத்தான் இரண்டாவது ஓட்டத்துக்கு நேரம் கிடைக்கும் என்றால், ஓட்டத்தை விட்டுவிடுங்கள்.

5. எலும்பைக் கவனியுங்கள். இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். அதனால் மூச்சு வாங்கவில்லை என்பதை வைத்துத் தூரத்தை ஏற்றக் கூடாது. முழங்காலுக்குக் கீழே காலின் முன்பக்க எலும்பில் ஒரே இடத்தில் அழுத்தினால் வலிக்கிறதா? ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எழுந்தவுடன் பார்க்கும் நாடித்துடிப்பு சில நாளாக வழக்கத்தைவிட அதிகமாக இருந்தாலும் மாலை ஓட்டத்தை விட்டுவிடலாம்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரண்டாவது ஓட்டத்துக்கு முழு விடுப்பு கொடுங்கள். இரண்டு மாதம் இப்படிச் சிக்கலில்லாமல் போனால் வாரத்தில் இன்னொரு நாளைச் சேர்க்கலாம், ஆனால் அடுத்தடுத்த நாள் வேண்டாம். அப்போது இன்னொரு ஜோடி ஷூவும் வாங்கிவிடுங்கள். காலையில் வியர்வையில் நனைந்தது மாலைக்குள் காயாது.