மலிவு கிராபிக்ஸ் கார்ட்: காசு கரையும் இடங்கள்

திருகோணமலையில் கேமுக்குக் கணினி கட்டும் பெடியன்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். அலுவலகத்தில் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 கணினி ஒன்று, அதற்குள் ஒரு மலிவு கிராபிக்ஸ் கார்ட். வழி நல்லதுதான், கார்டைத் தெரிவதில்தான் சறுக்குகிறது. ஜிபி கூடினால் வேகமும் கூடும் என்று நம்புவது போன்றவற்றை இங்கே விட்டுவிடலாம், அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

லேன் பார்க்காமல் வாங்குவது

எத்தனை தரம் சொன்னாலும் ஏறாத விஷயம் இது. லேன் என்பது கார்டும் மதர்போட்டும் ஸ்லொட் வழியே தகவல் கடத்தும் பாதை. யூடியூப்பில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி ஓடுவதைப் பார்த்து, விலையை எப்பிஎஸ்ஸால் (செக்கனுக்கு எத்தனை படம் என்ற எண்) பிரித்து, 'இதுதான் லாபம்' என்று கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பிக்கிறார்கள். அந்த வீடியோவில் இருந்த மதர்போட் எது என்று ஒருவரும் பார்ப்பதில்லை.

2022 ஜனவரியில் வந்த இந்தக் கார்ட் நீள ஸ்லொட்டில்தான் ஏறும். ஆனால் வேலை செய்வது 4 லேன் மட்டும். ஸ்லொட்டின் தலைமுறையைப் பிசிஐ எக்ஸ்பிரஸ் எண்ணால் சொல்வார்கள்: 4.0 மதர்போட்டில் அந்த 4 லேன் செக்கனுக்கு ஏறத்தாழ 8 ஜிபி கடத்தும், 3.0 இல் 4 ஜிபி. பழைய ஐ5 கணினிகளில் வரும் எச்81 மதர்போட்டின் ஸ்லொட் 2.0 என்பதால் அங்கே வெறும் 2 ஜிபி. கார்டின் நினைவகமோ 4 ஜிபிதான். கேம் அதற்கு மேல் கேட்டால் மிஞ்சிய டெக்ஸ்சர்கள் (பொருட்களின் மேற்பரப்புப் படங்கள்) கணினியின் ரேமுக்குப் போய், தேவைப்படும்போதெல்லாம் அந்த ஒடுங்கிய வழியால் திரும்பி வரவேண்டும். சொந்த நினைவகம் செக்கனுக்கு 144 ஜிபி தரும் இடத்தில் இது 2 ஜிபி. கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்குமுன் துறையில் வாகனங்கள் காத்துக் கிடந்த மாதிரி.

சராசரி எப்பிஎஸ் மோசமாகத் தெரியாது, அதுதான் ஏமாற்று. 50 என்று காட்டிக்கொண்டே, கேமில் திரும்புகிற மூலைக்கு மூலை படம் இழுத்து நிற்கும். பார்க்க வேண்டியது 1 வீத லோ எண்ணை, அதாவது மிக மெதுவாக வந்த 1 வீதப் படங்களின் எப்பிஎஸ்ஸை. அதைப் பார்க்காமல் டிரைவரை மாற்றுவார்கள், விண்டோஸை மறுபடி ஏற்றுவார்கள், கடைசியில் பவர் சப்ளையில் பழி விழும். லேன் அப்படியே இருக்கும்.

வாங்குமுன் மதர்போட்டின் சிப்செட் (அதன் கட்டுப்பாட்டுச் சிப்) எது என்று பாருங்கள். பி85, எச்110, பி450 என்றால் 3.0. எச்610 என்றால் 4.0. பி550 உம் 4.0 தான், ஆனால் அதில் ரைசன் 5 5600ஜி ப்ரொசசர் இருந்தால் 3.0 க்கு இறங்கிவிடும். இந்த இடத்தில் விஷயம் தெரிந்தவர்களே மாட்டுவதுண்டு. ஏற்கெனவே கார்ட் போட்டிருந்தால் கார்டின் விவரம் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளில் 'பஸ் இன்டர்பேஸ்' வரிக்குப் பக்கத்துக் கேள்விக்குறியை அழுத்தி, சோதனையை ஓடவிட்டுப் படியுங்கள். சும்மா இருக்கும் கார்ட் மின்சாரம் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துத்தான் காட்டும்.

3.0 அல்லது அதற்குப் பழைய மதர்போட்டுக்கு 16 லேன் கார்ட்தான் சரி: ஆர்எக்ஸ் 580 8 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர். ஆர்எக்ஸ் 6600 க்கு 8 லேன், ஆனாலும் நினைவகம் 8 ஜிபி என்பதால் நிரம்பி வழிவது குறைவு, 3.0 இல் தாராளமாகப் போடலாம். ஆர்எக்ஸ் 6400 க்கும் அதே 4 லேன் வியாதி. வாங்கிவிட்டு முழிப்பவர்கள் டெக்ஸ்சரை இரண்டு படி இறக்கி, நினைவகப் பாவனையை 3.5 ஜிபிக்குள் வைத்துக்கொள்ளலாம். 6500 எக்ஸ்டியில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடரும் இல்லை. கேமைப் பதிவுசெய்து போடும் ஆசை இருந்தால் அந்தச் சுமையும் பழைய ஐ5 இன் தலையில்தான்.

ஒரே பெயர், வேறு கார்ட்

ஜிடி 1030 இல் ஜிடிடிஆர்5 நினைவகம் போட்ட வகை செக்கனுக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4 வகை 16.8 ஜிபி. ஆர்எக்ஸ் 580 க்குப் பின்னால் '2048எஸ்பி' என்றிருந்தால் அது 570 தான், அசல் 580 இல் ஜிபியு-இசட் 2304 ஷேடர் (கணக்குப் போடும் சிறு அலகு) காட்டும். ஆர்டிஎக்ஸ் 3050 இன் 6 ஜிபி வகை 8 ஜிபி வகையைவிட மெதுவானது. அதற்காக ஒதுக்க வேண்டாம்: 70 வாட்தான், தனி வயர் கேட்காது, பவர் சப்ளையை மாற்ற முடியாத அலுவலகக் கணினிக்கு அதுவே வசதி.

விஜிஏ போர்ட் வைத்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ

வேண்டாம். பெரும்பாலும் பயாஸை (கார்டின் உள் மென்பொருள்) மாற்றிப் பெயரைப் பொய்யாகக் காட்டவைத்த பழைய கார்ட்.

சாட்டா வயரிலிருந்து 6 பின்

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா பிளக் 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட். கார்டின் 6 பின் மின் பிளக்குக்கு 75 வாட். உருகும்.

ஏசி கடையில் சோதித்துப் பார்ப்பது

பாவித்த கார்டைக் கடைக்காரர் 24 பாகை அறையில் ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டுவார். கச்சான் காற்றடிக்கும் ஓகஸ்டில் உப்புவெளிப் பக்கம் சீற் போட்ட வீட்டு அறை 34 பாகைக்குப் போகும், கார்டின் சூடும் ஏறத்தாழ அந்தப் பத்துப் பாகையால் ஏறும். கடையிலேயே 76 என்றால் வீட்டில் 86, அந்தச் சூட்டில் என்விடியா கார்ட்கள் வேகத்தைத் தாமாகவே குறைக்கத் தொடங்கிவிடும். ஹெவன் பெஞ்ச்மார்க் என்ற சோதனை மென்பொருளை இருபது நிமிடமாவது ஓடவிடச் சொல்லுங்கள்.

ஓடும்போதே டோர்ச் அடித்து எச்டிஎம்ஐ போர்ட்டின் ஓரத்தையும் பின்பக்க ஸ்குரூத் தலைகளையும் பாருங்கள். துருவோ வெள்ளைப் படிவோ இருந்தால் கார்ட் கடலோர வீட்டில் இருந்தது. கார்டைக் கழற்றிப் பார்க்கையில், ஸ்லொட்டில் ஏறும் தங்க நிறக் கன்டாக்ட்டில் மட்டும் கறுப்பு என்றால் ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்தால் போய்விடும். நினைவகச் சிப்பைச் சுற்றிப் பச்சை பிடித்திருந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் எடுக்காதீர்கள்.